பொம்மையும் நிழலும்: இணைத்தமைத்த ஒளிப்படக் காட்சிகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒளிப்படம் உள்ளதை உள்ளவாறே காட்டும் சாதனம் என்னும் எண்ணம் அது தோன்றிய காலந்தொட்டு மக்களிடையே வேரூன்றியுள்ளது. ஓவியன் தன் மனத்திற் கண்டதை வரைகின்றான். கமராவோ தன் முன்னே நின்றதை மட்டுமே பதிகின்றது என்பது இவ்வெண்ணத்தின் அடிப்படையாகும். ஆயினும் வெவ்வேறு வேளைகளிலும் வெவ்வேறு இடங்களிலும் பதியப்பட்ட உருவங்களை ஒன்றுசேர்த்து, ஒருபோதும் நிகழாத காட்சியொன்றை ஒளிப்படமாக அமைக்கும் கலையும் ஏறத்தாழ அதேயளவு பழைமை வாய்ந்ததாகும். சிறுவர் கையிலுள்ள வீரர் பொம்மைகளை வருடி எனப்படும் ஸ்கேனரின் கண்ணாடிமீது கிடத்திப் படமாக்கி, கணினியிலுள்ள படத்திருத்த மென்பொருளின் துணைகொண்டு அவற்றை மலையிலும் கடலிலும் போர்க்களத்திலும் நிறுத்திக் காட்சி அமைக்கும் இக்காலப் பொழுதுபோக்கு, அப்பழைய கலையின் அண்மைக்காலக் கிளையேயாகும்.

மேலோட்டமாக நோக்குமிடத்து இது விளையாட்டு. சிலர் கருத்தில் பொய்மையும்கூட. ஆயின் புளியங்கூடல் போன்றதொரு தீவகக் கிராமத்தின் வரலாற்றைச் சிந்திப்போர் இதனை இவ்வாறு எளிதில் ஒதுக்கிவிடல் இயலாது. ஒல்லாந்தர் லெய்டன் எனப் பெயரிட்ட வேலணைத் தீவில், ஊர்காவற்றுறைப் பிரதேசத்தில், நாரந்தனை, சுருவில் முதலிய ஊர்களை அயலாகக் கொண்டு விளங்குவது புளியங்கூடல். பனையும் வயலும் கோயிலும் சூழ்ந்த அவ்வூரின் குடும்பங்கள் பல இன்று நாடுகள் பலவற்றிற் சிதறி வாழ்கின்றன. அவர்களின் பழைய ஒளிப்படங்களும் அவர்களைப் போலவே சிதறின, அழிந்தனவும் பல. எஞ்சிய துண்டுகளைப் பொருத்திப் பார்க்க விழையும் ஒரு சமூகத்திற்கு, உருவங்களைப் பொருத்திக் காட்சி அமைக்கும் கலையின் வரலாறு வெறும் பொழுதுபோக்கின் வரலாறு அன்று. இணைத்தல் எந்நிலையிற் கலையாகின்றது, எந்நிலையிற் பொய்யாகின்றது என்னும் வினாவிற்கு அவ்வரலாற்றினூடாக விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. உருவங்களை நிறுத்திக் காட்சி அமைத்த மரபு

உயிரற்ற உருவங்களை ஒழுங்குபட நிறுத்தி, அவற்றினூடாகக் கதையொன்றை நிகழச்செய்தல் தமிழருக்குப் புதிதன்று. தமிழகத்தில் நவராத்திரிக் காலத்திற் படிகள் அமைத்து வைக்கப்படும் பொம்மைக் கொலு இதற்குத் தக்க சான்றாகும். மேற்படிகளில் தெய்வ உருவங்கள் முறைப்படி அமர்ந்திருக்க, படிகளின் அடியில் வீட்டுச் சிறுவர் மணலும் முளைப்பயிரும் கொண்டு பூங்கா, சந்தை, குளம் முதலியவற்றை அமைத்துத் தம் விளையாட்டுப் பொருள்களை அவற்றில் உலவ விடுவர். யாழ்ப்பாணத்தில் நவராத்திரி பெரும்பாலும் கும்பம் வைத்து வழிபடும் விழாவாகவே நிகழினும், உருவங்களாற் கதை நிகழ்த்தும் மரபு அங்கு வேறொரு வகையிற் செழித்தது. கந்தசட்டியின் ஆறாம் நாளில் முருகன் ஆலயங்களில் நிகழும் சூரன்போரே அது. மரத்தாலான பெரிய சூரன் உருவத்தை அடியார்கள் தோளிற் சுமந்து ஆட்டியும் ஓட்டியும் வருவர். போர் முன்னேறுந்தோறும் அவ்வுருவத்தின் தலை மாற்றப்படும். ஆனைமுகமும் சிங்கமுகமும் மாறிமாறிப் பொருந்திய அதே உடலே பின்னர்ச் சூரனாகி, ஈற்றில் மாமரமும் சேவலும் மயிலுமாகக் கதையை நிறைவுசெய்யும். ஓருடலிற் பல தலைகளைப் பொருத்திப் பல பாத்திரங்களை ஆக்கும் உத்தியை இன்றைய கணினிக் கலைஞன் கண்டுபிடிக்கவில்லை. கோயில் வீதியில் தலைமுறை தலைமுறையாக அது நிகழ்ந்து வந்துள்ளது.

கத்தோலிக்கர் மரபிலும் இதற்கு இணையானவை உண்டு. மன்னார் மாவட்டத்துப் பேசாலையில் இயேசுவின் திருப்பாடுகளை உருவச்சிலைகள் கொண்டு காட்டிய உடக்குப் பாஸ் புகழ்பெற்றது. உடக்கு என்பது இவ்வாறு காட்சிக்கென நிறுத்தப்படும் உருவத்தைக் குறிக்கும் சொல்லாகும். ஊர்காவற்றுறைப் பகுதியின் கத்தோலிக்க இல்லங்களில் நத்தார் காலத்தில் அமைக்கப்படும் பாலன் குடிலும், சிற்றுருவங்களால் ஒரு பெருநிகழ்வை நினைவிற்குக் கொண்டுவரும் முயற்சியே.

இம்மரபுகள் யாவற்றிற்கும் பொதுவான பண்பொன்று ஈண்டு கவனிக்கத்தக்கது. சூரனின் தலை மாற்றப்படுவதைக் கூட்டத்திலுள்ள சிறு பிள்ளையும் காண்கின்றது. உடக்கு மரத்தாலானது என்பதை எவரும் மறைப்பதில்லை. எனினும் அடியாரின் உள்ளம் உருகுகின்றது. செய்யப்பட்டது என்னும் அறிவு உணர்ச்சிக்குத் தடையாக அமையவில்லை. பின்வந்த ஒளிப்படக் கலை இழந்ததும் மீண்டும் தேடியதும் இப்பண்பையே எனலாம்.

2. ஒளிப்படத்தில் இணைப்பின் தோற்றம்

1839 ஆம் ஆண்டில் ஒளிப்படக்கலை உலகிற்கு அறிவிக்கப்பட்டு இரு பத்தாண்டுகள் நிறைவுறுவதற்கு முன்னரே இணைத்தமைத்த படங்கள் தோன்றிவிட்டன. இதற்குத் தொழினுட்பத் தேவையும் ஒரு காரணமாகும். அக்காலத்து ஒளியுணர் தகடுகள் வானின் ஒளியையும் நிலத்தின் ஒளியையும் ஒருங்கே பதியவல்லன அல்ல. நிலம் தெளிவாகப் பதியுமாறு ஒளி விடின் வானம் வெறும் வெண்மையாகும். எனவே 1850களில் பிரான்சு நாட்டுக் கலைஞர் கஸ்தாவ் லு கிறே தம் கடற்காட்சிகள் சிலவற்றில் கடலை ஒரு தகட்டிலும் முகிலை வேறொரு தகட்டிலும் பதிந்து, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். கண் கண்டதைக் காட்டுவதற்கே இணைப்பு வேண்டியதாயிற்று என்பது நோக்கற்பாலது.

சுவீடனிற் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஒஸ்கார் றெய்லாண்டர் இம்முறையை வேறொரு திசைக்குக் கொண்டுசென்றார். 1857 இல் மான்செஸ்ரர் நகரக் கலைக் கண்காட்சியில் வைக்கப்பட்ட அவருடைய 'வாழ்வின் இரு வழிகள்' என்னும் படம், 30 இற்கும் மேற்பட்ட தனித்தனி எதிர்ப்படிகளைச் சேர்த்து அமைக்கப்பட்டது. நல்வழியையும் தீயவழியையும் நாடும் இளைஞர் இருவரை நடுவே நிறுத்தி, இருபுறமும் அவ்வழிகளின் பயன்களை உருவகமாகக் காட்டிய பெரிய படம் அது. விக்டோரியா மகாராணியார் அதன் படியொன்றை வாங்கினார். மறு ஆண்டில் ஹென்றி பீச் றொபின்சன் ஐந்து எதிர்ப்படிகளை இணைத்து, மரணப் படுக்கையிற் கிடக்கும் இளம்பெண்ணையும் அவளைச் சூழ்ந்த குடும்பத்தினரையும் காட்டும் படமொன்றை வெளியிட்டார். ஓவியத்தில் இத்தகைய காட்சிகளை அமைதியாகக் கண்டு பழகிய பார்வையாளர் பலர் இதனைக் கண்டு மனம் பதைத்தனர். ஒரு வீட்டின் உண்மைத் துயரத்தினுள் கமரா அத்துமீறி நுழைந்துவிட்டது போன்ற உணர்வு அவர்களுக்கு ஏற்பட்டது. உண்மையில் அப்பெண் நடித்தவளே. ஒளிப்படத்தின்மீது மக்கள் வைத்த நம்பிக்கையே இணைத்தமைத்த படத்தின் ஆற்றலுக்கும் ஆபத்திற்கும் ஒருங்கே ஊற்றாக அமைந்தமை இதனாற் புலனாகும்.

அந்நம்பிக்கை எத்துணை வலியது என்பதை 1917 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் யோக்சயர்ப் பகுதியிலுள்ள கொற்றிங்லியில் நிகழ்ந்த நிகழ்ச்சி காட்டுகின்றது. எல்சி றைற் என்னும் 16 வயதுச் சிறுமியும் பிரான்சிஸ் கிறிபித்ஸ் என்னும் 9 வயதுச் சிறுமியும் தேவதை உருவங்களைத் தாளில் வரைந்து வெட்டி, தொப்பி ஊசிகளாற் செடிகளிடையே நிறுத்திப் படமெடுத்தனர். விளையாட்டாகத் தொடங்கிய அப்படங்களை உண்மையென நம்பியவர்களுள் துப்பறியும் கதைகளாற் புகழ்பெற்ற ஆதர் கொனன் டொயிலும் ஒருவர். 1920 இல் அவர் அவற்றைச் சஞ்சிகையொன்றில் வெளியிட்டு ஆதரித்து எழுதினார். தாளில் வெட்டிய உருவங்களே அவை என்பதை அவ்விருவரும் 1983 இல், முதுமையில், ஒப்புக்கொண்டனர். இங்கு கமரா பொய் சொல்லவில்லை. அதன் முன் நின்ற தாளுருவங்களையே அது பதிந்தது. அவை எவை என்பது பார்வையாளருக்குச் சொல்லப்படாமையே பொய்யாயிற்று.

அரசியலில் இம்மறைப்பு கொடிய வடிவங் கொண்டது. சோவியத் நாட்டில் ஸ்ராலினுடன் கால்வாய்க் கரையில் நின்ற நிக்கொலாய் யெசோவ், பதவியிழந்து கொல்லப்பட்ட பின்னர் அப்படத்திலிருந்தும் அகற்றப்பட்டார். அவர் நின்ற இடத்தை நீர் நிரப்பிற்று. சேர்த்தலைப் போன்றே நீக்கலும் இக்கலையின் ஒரு கூறே என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

இதற்கு மாறாக, இணைப்பை இணைப்பெனவே காட்டிய கலைஞரும் இருந்தனர். அவர்களுள் ஒருவர் இலங்கையரான லயனல் வென்ற். 1944 இல் மறைந்த இவர், சட்டம் பயின்றவர்; பியானோ இசையில் வல்லவர். உடலும் சிற்பமும் நிலமும் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படியும் இவருடைய இணைப்புப் படங்களைக் காண்பவர் எவரும் அவற்றை நிகழ்ந்த காட்சிகளென மயங்குவதில்லை. கலைஞனின் எண்ணமே அங்கு காட்சியாகின்றது. இலங்கை மண்ணிலேயே இக்கலை இத்துணை முதிர்ந்த நிலையில் நிலவியமை பெரிதும் நினைவுகூரப்படுவதில்லை.

3. சிற்றுருவங்களும் கமராவும்

பொம்மையைப் பேருருவாகக் காட்டும் உத்தியைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது திரைப்படமாகும். 1933 இல் வெளிவந்த 'கிங் கொங்' படத்தின் பூதாகாரமான குரங்கு, பெரும்பாலான காட்சிகளில் ஏறத்தாழ 18 அங்குல உயரமுடைய மாதிரியுருவே. வில்லிஸ் ஓ பிறையன் அதனைச் சிறிது சிறிதாக அசைத்து, ஒவ்வோர் அசைவையும் தனித்தனியே பதிந்து உயிரூட்டினார். தமிழிலும் தெலுங்கிலும் 1957 இல் வெளிவந்த 'மாயா பஜார்' படத்தில் துவாரகை நகரைக் காட்டுவதற்கு 50 அடிக்கு 60 அடி அளவான இடத்தில் 300 சிறு வீடுகள் மின்விளக்குகளுடன் அமைக்கப்பட்டன. கே. வி. ரெட்டியின் இயக்கத்தில், மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவில் உருவான அப்படத்தின் மாயக் காட்சிகளைத் தமிழ் மக்கள் மாயமென அறிந்தே சுவைத்தனர்.

மூட்டுகள் அசையும் வீரர் பொம்மைகள் கடைகளுக்கு வந்தது இதன் பின்னராகும். அமெரிக்காவின் ஹஸ்புரோ நிறுவனம் 1964 இல் ஜி. ஐ. ஜோ என்னும் போர்வீரன் உருவத்தை விற்பனைக்கு விட்டது. ஏறத்தாழ ஓரடி உயரமான அதனைப் பொம்மை என்றழைத்தால் ஆண்பிள்ளைகள் விரும்பார் எனக் கருதி, செயற்பாட்டையே பெயராகக் கொண்ட புதியதொரு வணிகச் சொல்லை அந்நிறுவனம் வழங்கிற்று. 1978 இல் கென்னர் நிறுவனம் 'ஸ்ரார் வோர்ஸ்' திரைப்படப் பாத்திரங்களை மூன்றே முக்கால் அங்குல உயரத்தில் வெளியிட்டது. அளவு குறையவே விலையும் குறைந்தது. ஒரு பிள்ளை ஒன்றன்றிப் பல உருவங்களைச் சேர்த்து வைத்திருக்கவும் முடிந்தது. பல உருவங்கள் சேர்ந்தவிடத்தே கதை பிறக்கின்றது. இந்தியாவில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பன்ஸ்கூல் நிறுவனம் 1980களின் இறுதியிலிருந்து இத்தகைய உருவங்களை உற்பத்திசெய்தது.

இப்பொம்மைகளைக் கலைக்குரிய பொருளாக முதன்முதலிற் கவனத்திற்குக் கொணர்ந்தவர்களுள் டேவிட் லெவின்தால் முதன்மையானவர். 1977 இல் இவரும் கரி துறூடோவும் இணைந்து வெளியிட்ட நூலில், இரண்டாம் உலகப் போரின் கிழக்குக் களம் விளையாட்டு வீரர்களைக் கொண்டே காட்டப்பட்டது. கமராவின் குவியத்தை மிகக் குறுக்கி, பெரும்பகுதியை மங்கலாக்கியமையால் அவ்வீரர்கள் உயிருள்ளோர் போலத் தோன்றினர். போரை நேரிற் காணாத ஒரு தலைமுறை அதனைப் படங்களினூடாகவே அறிந்திருந்தது என்னும் உண்மையை அப்பொம்மைகள் உணர்த்தின.

மார்க் ஹோகன்காம்பின் வரலாறு இன்னும் ஆழமானது. நியூயோர்க் மாநிலத்தவரான இவர் 2000 ஆம் ஆண்டில் ஐவரால் தாக்கப்பட்டுப் பல நாள் நினைவிழந்து கிடந்தார். மீண்டெழுந்தபோது தம் கடந்தகால நினைவுகளிற் பெரும்பகுதியை இழந்திருந்தார். பின்னர்த் தம் வீட்டு வளவில், ஆறிலொரு பங்கு அளவில், மார்வென்கோல் என்னும் கற்பனை நகரொன்றை அமைத்து, அதில் வீரர் பொம்மைகளை உலவவிட்டுப் படமெடுத்தார். அம்முயற்சியே அவருக்கு மருந்தாயிற்று. 2010 இல் வெளிவந்த ஆவணப்படமொன்று இதனை உலகறியச் செய்தது. நினைவு அறுந்தவிடத்தில் சிற்றுருவங்கள் பாலமாகலாம் என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

4. வருடியும் கணினியும்

ஒளிப்படத்தைக் கணினி வாசிக்கும் எண்களாக மாற்றும் முயற்சி 1957 இல் அமெரிக்காவின் தேசிய நியமங்கள் பணியகத்தில் வெற்றி கண்டது. றசல் கிர்ஷ் தலைமையிலான குழுவினர் முதலில் வருடிய படங்களுள் ஒன்று அவருடைய கைக்குழந்தையின் ஒளிப்படமாகும். 176 வரிசையும் 176 நிரலுமாக, 30,976 புள்ளிகளே அதில் இருந்தன. இத்துறையின் தொடக்கத்தில் நிற்பது ஒரு குடும்பப் படம் என்பது குறிப்பிடத்தக்கது.

கணினியின் இணைப்பு ஆற்றல் மிக விரைவில் ஐயங்களை எழுப்பிற்று. 1982 பெப்ரவரியில் 'நஷனல் ஜியோகிரபிக்' சஞ்சிகை தன் அட்டையின் அளவிற்குப் பொருந்துமாறு எகிப்தியப் பிரமிட்டுகளை அருகருகே நகர்த்திக் காட்டிக் கண்டனத்திற்குள்ளாயிற்று. அன்று இத்தகைய வேலைக்குப் பெருஞ்செலவான இயந்திரங்கள் வேண்டியிருந்தன. 1987 இல் தோமஸ் நோல் எழுதத் தொடங்கி, அவர் சகோதரர் ஜோன் நோலும் சேர்ந்து வளர்த்த ஃபொட்டோஷொப் மென்பொருள் 1990 பெப்ரவரியில் அடோபி நிறுவனத்தால் வெளியிடப்பட்டபோது அந்நிலை மாறிற்று. 1994 இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பு அடுக்குகளை அறிமுகஞ்செய்தது. ஒவ்வோர் உருவத்தையும் கண்ணாடித் தாள்போன்ற தனித்தனி அடுக்கில் வைத்து, ஒன்றைக் கெடாமல் மற்றொன்றை நகர்த்தவும் மங்கச்செய்யவும் இதனால் முடிந்தது. 1990களின் நடுப்பகுதியில் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழக மாணவர் இருவர் தொடங்கிய கிம்ப் என்னும் இலவச மென்பொருள் பணமில்லாதோர்க்கும் இவ்வசதியை அளித்தது.

பொம்மையை வருடியிற் படமாக்குதல் கமராவாற் படமெடுத்தலினின்றும் பெரிதும் வேறுபட்டது. வருடியினுள்ளே ஒளிச்சட்டம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்ந்து, கண்ணாடிமீதுள்ள பொருளைக் கீற்றுக்கீற்றாக வாசிக்கின்றது. தாளை வாசிப்பதற்கெனச் செய்யப்பட்டமையால், கண்ணாடியைத் தொடும் பகுதியே மிகத் தெளிவாகப் பதியும்; விலகிய பகுதிகள் விரைவில் மங்கிவிடும். ஆதலினாற் பொம்மையின் நெஞ்சு கூர்மையாகவும் பின்னிழுத்த கை பனிமூடியதாகவும் தோன்றும். வருடியின் மூடியைத் திறந்துவைத்து அறையை இருளாக்கினால், உருவத்தின் பின்புலம் கருமையாகி, அதனை வெட்டியெடுத்தல் எளிதாகும். 10 சென்ரிமீற்றர் உயரமான உருவமொன்றை அங்குலத்திற்கு 600 புள்ளி வீதம் வருடினால் அதன் உயரம் ஏறத்தாழ 2,360 புள்ளிகளாக அமையும். மூட்டுகளை மாற்றிமாற்றி மடித்து மீண்டும் மீண்டும் வருடுவதன்மூலம் ஒரே பொம்மை ஒரு படையாகப் பெருகும்.

இவ்வாறு பெற்ற உருவங்களை ஒரு நிலக்காட்சியில் நிறுத்தும்போதே உண்மையான சிக்கல் எழுகின்றது. கண்ணாடிமீது படுத்துக்கிடந்த உருவத்திற்குக் காலின்கீழ் நிலம் இல்லை. அதன்மேல் விழுந்த ஒளியும் எந்த ஞாயிற்றினது ஒளியுமன்று. வருடியின் ஒளி நேர்முன்னாகவே வந்தது. எனவே காட்சியமைப்போன், வானத்தின் ஒளி எத்திசையிலிருந்து வருகின்றதெனத் தெரிந்து, அதற்கேற்ப ஒவ்வோர் உருவத்தின் ஒரு பக்கத்தை இருளாக்கவும், காலடியில் நிழலை வரையவும் வேண்டும். நிழல் பொருந்தாவிடின் உருவம் காற்றில் மிதக்கும். நிலத்தோடு ஓர் உருவத்தைப் பிணைப்பது அதன் வடிவமன்று, நிறமுமன்று. அதன் நிழலே என்பது இக்கலையிற் பயின்றோர் யாவரும் அறியும் உண்மையாகும்.

5. நிலமிழந்த உருவங்கள்

இவ்வுண்மை புளியங்கூடல் முதலிய தீவக ஊர்களின் குடும்பப் படங்களுக்கும் பொருந்துமாற்றை இனி நோக்கலாம். ஃபொட்டோஷொப் வெளிவந்த 1990 ஆம் ஆண்டு தீவக மக்களின் வாழ்வில் வேறொரு காரணத்தால் மறக்கவியலாதது. அவ்வாண்டு யூனில் மீண்டும் போர் மூண்டது. ஆகஸ்டில் இராணுவம் தீவகத்தில் இறங்கிற்று. 1991 வரை நீடித்த நடவடிக்கைகளின்போது தீவக ஊர்கள் பலவற்றின் மக்கள் கடலையும் பண்ணைத் தாம்போதியையும் கடந்து குடாநாட்டிற்கும் பின்னர் வேறிடங்களுக்கும் இடம்பெயர்ந்தனர். குடாநாட்டில் மின்சாரமும் அப்போது இல்லாதொழிந்தது. உலகின் ஒரு பகுதியிற் படங்களை விரும்பியவாறு ஆக்கும் கருவி பரவிய அதே காலத்தில், மற்றொரு பகுதியில் இருந்த படங்களும் கைவிட்டுப் போயின. அவசரமாக வீட்டைவிட்டு ஓடுவோர் உறுதிகளையும் நகைகளையும் எடுப்பர். சுவரிலே தொங்கும் படங்களை எடுக்க எல்லோர்க்கும் வேளை வாய்ப்பதில்லை.

இதன் விளைவாகவே இலங்கைத் தமிழர் இல்லங்களில் ஒருவகை இணைப்புப் படம் பெருகிற்று. அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்த தந்தையின் முகம், திருமணக் கூட்டப் படமொன்றிலிருந்து வெட்டியெடுத்த தாயின் உருவம், ரொறன்ரோவிலும் பாரிசிலும் எடுக்கப்பட்ட பிள்ளைகளின் படங்கள் ஆகியன ஒரே சட்டத்தினுள் ஒரு குடும்பமாக நிற்கும். முன்னர் நிழற்பட நிலையத்தார் படத்தை வெட்டி ஒட்டி, விளிம்புகளைத் தூரிகையாற் பூசி, மீண்டும் படமெடுத்து இதனைச் செய்தனர். 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தை அடுத்து ஏ9 வீதி திறக்கப்பட்டுக் கணினிகள் வடக்கிற் பெருகியபின், வருடியும் மென்பொருளும் அப்பணியை ஏற்றன. ஒருபோதும் ஒரே கூரையின்கீழ்க் கூடாத அக்குடும்பத்தினர் அனைவரும் வருடியில் இட்ட பொம்மைகளைப் போன்றவரே. அவர்களின் காலடியிலும் நிலம் இல்லை. ஒவ்வொருவர் முகத்திலும் ஒவ்வொரு நாட்டு ஒளி. அவர்களை ஒரு நிலத்தில் நிறுத்தும் நிழலைக் கணினி வரைகின்றது.

இதனைப் பொய்யென்று ஒதுக்குவோர் அக்குடும்பத்தாரின் உள்ளத்தை அறியார். வீட்டார் யாவரும் அது இணைத்த படமென்பதை அறிவர். அறிந்தே அதற்கு மாலையிடுகின்றனர். சூரனின் தலை மாறுவதைக் கண்டும் கைகூப்பும் அடியாரின் நிலையே இது. ஆயின் இவ்வறிவு வீட்டாரின் வாழ்நாள்வரை மட்டுமே நிலைக்கும். மூன்றாந் தலைமுறைப் பேரப்பிள்ளையின் கையில் அப்படம் சேரும்போது, பாட்டனும் பூட்டனும் ஒருங்கே ஒரு முற்றத்தில் நின்றனர் என்பதற்கான சான்றாகவே அது கொள்ளப்படும். அன்பினாற் செய்யப்பட்ட இணைப்பு, எவரும் பொய் சொல்லக் கருதாமலே, வரலாற்றுப் பிழையாக முதிரும். ஆவணங்கள் அருகிய ஊருக்கே இவ்விடர் மிகப் பெரிது. ஒப்புநோக்க வேறு படங்கள் இல்லாதவிடத்தில் உள்ள ஒரு படமே முழு வரலாறாகிவிடும்.

இவ்விடரினின்றும் தப்பும் வழியையும் கலைஞர் சிலர் காட்டியுள்ளனர். இந்திய ஓவியர் விவான் சுந்தரம் 2001 அளவில், தம் பாட்டனார் உம்ராவ் சிங் எடுத்த குடும்ப ஒளிப்படங்களைக் கணினியில் இணைத்து, தம் பெரிய தாயாரான ஓவியர் அம்ரிதா சேர்கிலை மையமாகக் கொண்ட படவரிசையொன்றை ஆக்கினார். வெவ்வேறு காலத்தவரும் இடத்தவருமான குடும்பத்தினர் அங்கு ஓரறையிற் கூடுகின்றனர். மீண்டும் எடுத்தல் என்னும் பொருள்பட அவர் இட்ட தலைப்பே அவை பின்னர் ஆக்கப்பட்டவை என்பதை அறிவித்துவிடுகின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஓவியர் தா. சனாதனன் 2011 இல் வெளியிட்ட, முற்றுப்பெறாத தோம்பு எனப் பொருள்படும் பெயருடைய நூலும் ஈண்டு கருதத்தக்கது. இடம்பெயர்ந்தோர் தாம் இழந்த வீடுகளை நினைவிலிருந்து வரைந்த தரைப்படங்களையும், அவற்றைக் கட்டடக்கலை முறைப்படி திருத்திய வரைபடங்களையும், ஓவியரின் சித்திரங்களையும் அந்நூல் ஒன்றன்பின் ஒன்றாக வைக்கின்றது. நினைவு எது, அளவு எது, கற்பனை எது என்பது வாசகனுக்கு மறைக்கப்படவில்லை. கணினி மொழியிற் கூறின், அடுக்குகள் ஒன்றாக்கப்படாது தனித்தனியே காக்கப்பட்டுள்ளன.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, உருவங்களை இணைத்துக் காட்சி அமைத்தல் தன்னளவிற் குற்றமன்று என்பதும், இணைப்புப் பற்றிய அறிவு அற்றுப்போதலே குற்றத்திற்கு இடமாகின்றது என்பதும் தெளிவாகும். இவ்வகையிற் பொம்மைக் காட்சிக்குத் தனியொரு நேர்மை உண்டு. நிழல் எத்துணைப் பொருத்தமாக வரையப்படினும், மூட்டிலே தெரியும் ஆணி அது பொம்மையே எனக் கூறிவிடும். புளியங்கூடலைக் கதையாக மட்டுமே கேட்டறிந்த இளைஞரொருவர், பொம்மைகளை வருடி, பனைகளிடையே சங்கடப்படலையின் முன் அவற்றை நிறுத்திப் பாட்டி சொன்ன நாளொன்றைப் படமாக்குவாராயின், அப்படத்தை எவரும் சான்றெனக் கொள்ளார். ஒரு பேரப்பிள்ளை தன் ஊரை எவ்வாறு எண்ணிற்று என்பதற்கே அது சான்றாகும். உண்மை முகங்களை இணைப்போருக்கோ கூடுதலான கடமை உண்டு. மூலப் படங்களை மாற்றாமல் வருடி வைத்தலும், ஒவ்வோர் உருவமும் எந்தப் படத்திலிருந்து, எந்த ஆண்டிலிருந்து எடுக்கப்பட்டது எனப் படத்தின் பின்புறத்தில் எழுதுதலும், அடுக்குகளை ஒன்றாக்காத கோப்பையும் உடன் பேணுதலும் அக்கடமையாகும். மறைப்பதை எளிதாக்கிய அதே கருவி, மறைக்காது வைத்திருப்பதையும் எளிதாக்கியுள்ளது.

வருடிக்கு வடபுலத்தில் ஏற்கெனவே ஓர் உயர்ந்த பயன் கிட்டியுள்ளது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத் திட்டத்தில், எஞ்சிய ஈழத்துத் தமிழ் நூல்களும் இதழ்களும் பக்கம் பக்கமாக வருடப்பட்டுக் காக்கப்படுகின்றன. தீவக இல்லங்களின் பெட்டிகளிலும், கடல்கடந்த பிள்ளைகளின் வீடுகளிலும் எஞ்சியுள்ள குடும்பப் படங்களுக்கும் அவ்வாறே ஒரு காப்பு வேண்டும். மூலப்படம் எதுவுமின்றியே, சொற்களை மட்டும் பெற்று உருவங்களைப் படைக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் 2022 முதல் பொதுமக்கள் கையை எட்டிவிட்டமையால் இத்தேவை மேலும் விரைவுடையதாகின்றது. இன்று முதியோர் உள்ளனர். இவர் இன்னார், இப்படம் இன்ன ஆண்டில் இன்ன முற்றத்தில் எடுக்கப்பட்டது எனச் சொல்ல வல்லோர் அவர்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு ஒவ்வொரு படத்தின் பின்னும் எழுதி வைத்தலே, நிலமிழந்த உருவங்களுக்கு வரையத்தக்க மெய்யான நிழலாகும்.